ஏழு பேர் பட்டணம் பார்த்த கதை

தாலி ஏறும் வரையில் மாப்பிள்ளையின் முகத்தைப் பெண் பார்க்காத காலம் ஒன்று இருந்ததாக நம் பாட்டிமார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்தக் காலம் வேறு வேஷம் போட்டுக் கொண்டு இப்போது திரும்பி வந்திருக்கிறது, நேயர்களே! கல்யாணத்தில் அல்ல, உத்தியோகத்தில்.

2020-ஆம் ஆண்டில் கொரோனா வந்து ஊரெல்லாம் கதவைச் சாத்தியபோது, ஆபீஸ் என்பது கூடத்து மூலையில் ஒரு மேஜையும் ஒரு லாப்டாப்பும் என்று ஆயிற்று. நோய் தணிந்த பிறகும் சில கம்பெனிகளில் அந்த ஏற்பாடு நிலைத்துவிட்டது. மதுரையில் ஒருத்தி, நாகர்கோவிலில் ஒருவர், கோயம்புத்தூரில் இருவர், தலைவர் பெங்களூரில். எல்லோருக்கும் ஒரே வேலை. தினந்தோறும் பேசிக் கொள்கிறார்கள். ஆனால் ஒருவரையொருவர் கழுத்துக்குக் கீழே பார்த்தது கிடையாது!

அப்படிப்பட்ட ஏழு பேர் சென்ற வருஷம் சென்னையில் ஒரு நாள் கூடினார்கள். அவர்களில் என் அக்காள் பெண்ணும் ஒருத்தி. "ஊரைச் சுற்றிக் காட்ட நீதான் வரவேண்டும், சித்தி!" என்றாள். இப்படி யாராவது கூப்பிட மாட்டார்களா என்றுதானே காத்திருக்கிறோம்? கிளம்பி விட்டேன். நீங்களும் கூட வாருங்கள்.

காலையில் எழும்பூர் ஸ்டேஷன். 1908-இல் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடத்தின் வாசலில் அன்று நடந்த ஆச்சரியப் பரிமாறல்களை எழுதி மாளாது. "நீங்களா? இவ்வளவு உயரமா?" என்று ஒரு குரல். திரையில் ஆஜானுபாகுவாகத் தெரிந்த தலைவர், நேரில் பார்த்தால் என் தோளுக்குத்தான் வந்தார். மதுரைப் பெண் மட்டும் எல்லாருக்கும் பின்னால், கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றாள். "கூட்டத்தில் இவள் வாயே திறக்க மாட்டாள்" என்று என் அக்காள் பெண் காதோடு சொன்னாள்.

சிற்றுண்டி முடிந்ததும் பாந்தியன் சாலையிலுள்ள அரசாங்க மியூசியத்துக்கு நடந்தோம். 1851-இல் தோன்றிய ஸ்தாபனம் இது. (நீங்கள் போவதானால் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்; அன்று விடுமுறை.) இங்கே எதை விட்டாலும் விடுங்கள், வெண்கலச் சிலைகளை விடாதீர்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடு காட்டி மெழுகை உருக்கி வழியவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்து, பிறகு மண் அச்சை உடைத்து எடுத்த விக்கிரகங்கள் இவை. அச்சு உடைந்து போவதால் ஒன்றைப் போல் இன்னொன்று கிடையாது.

திருவாலங்காட்டு நடராஜரின் முன்னால் எல்லோரும் மெய்மறந்து நின்றார்கள். அடுத்தது திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். பாதி சிவன், பாதி உமை. சோழர் காலத்து வார்ப்பு. சிவன் பக்கத்தில் இரண்டு கைகள். அம்பாள் பக்கத்தில் ஒன்றே ஒன்று. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த மதுரைப் பெண் சொன்னாள்:

"பெண் பக்கத்துக்கு ஒரே ஒரு கைதானா? வீட்டு வேலை, ஆபீஸ் வேலை இரண்டையும் அந்த அம்மா எப்படித்தான் சமாளிக்கிறாங்களோ!"

அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். மியூசியச் சிப்பந்தி திரும்பிப் பார்க்கும்படி ஆயிற்று. அதன் பிறகு அவள் பேச்சு நிற்கவே இல்லை.

மத்தியானம் இலை போட்டுச் சாப்பிடும்போது தலைவரே கேட்டார்: "ஏம்மா, இவ்வளவு பேசுகிறவள் கூட்டத்தில் ஏன் மௌன விரதம் இருக்கிறாய்?"

"பத்து மணிக்குக் கூட்டம் வைக்கறீங்க சார். எங்க மாமனாருக்கு அதுதான் சாப்பாட்டு நேரம். குக்கர் கத்தும், வாசல்ல கீரைக்காரம்மா கத்துவாங்க. உங்களுக்கெல்லாம் கேட்கக் கூடாதுன்னு மைக்கை அணைச்சு வெச்சிருவேன். திறந்து பேசலாம்னு பார்க்கறதுக்குள்ள நீங்க அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பீங்க."

தலைவர் ரசத்தைப் பிசைந்தவர் பிசைந்தபடியே இருந்தார். சாயங்காலம் அவர் என்னிடம் சொன்னதைக் கேளுங்கள். அந்தப் பெண்ணைப் பற்றி வருஷாந்தர அறிக்கையில் "ஆர்வம் போதாது" என்று எழுதி வைத்திருந்தாராம். அனுப்பவில்லை, அவ்வளவுதான் பாக்கி! ஒரு குக்கர் சத்தம் ஒரு பெண்ணின் உத்தியோக உயர்வைத் தடுக்க இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் மெட்ரோவில் சென்ட்ரல் போய், எதிரே பூங்கா நகரில் பறக்கும் ரயில் ஏறி, சேப்பாக்கத்தில் இறங்கிக் கடற்கரைக்கு நடந்தோம். முதலில் உழைப்பாளர் சிலை. தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்து, 1959-இல் நிறுவப்பட்டது. நாலு பேர் சேர்ந்து ஒரு பெரும் பாறையைப் புரட்டுகிறார்கள். "இவர்களுக்குப் பரவாயில்லை, நாலு பேரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்" என்றார் நாகர்கோவில்காரர்.

அங்கிருந்து தெற்கே நடந்தால், நம்மைப் போன்ற பெண்கள் கட்டாயம் நின்று பார்க்க வேண்டிய மூன்று கட்டடங்கள் வரிசையாக வருகின்றன. முதலாவது மாநிலக் கல்லூரி. பால்யத்திலேயே கணவனை இழந்த சகோதரி சுப்பலட்சுமி, 1911-இல் இங்கே படித்துப் பட்டம் பெற்றார். அடுத்தது ஐஸ் ஹவுஸ் என்ற விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டிய வீடு. 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய இந்த வீட்டில், பின்னாளில் சுப்பலட்சுமி அம்மாள் இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். மூலையில் முடங்கியிருந்த பெண்கள் இங்கிருந்து உபாத்தியாயினிகளாகப் புறப்பட்டார்கள். மூன்றாவது, பெண்களுக்கென்றே 1914-இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி.

அந்தக் காலத்தில் படிப்புக்கும் வேலைக்கும் பெண் வீட்டைவிட்டு வெளியே வரவேண்டியிருந்தது. இப்போது வேலையே வீடு தேடி வந்துவிட்டது. நல்லதுதான். பஸ் நெரிசல் இல்லை. குழந்தை கண் முன்னால் இருக்கிறது. ஆனால், "வீட்டில்தானே இருக்கிறாள்!" என்று நாமே சொல்லத் தொடங்கிவிட்டோமே? அந்தப் பெண்ணின் மேஜையில் பருப்பு டப்பாவை வைக்கிறோம். அவள் பேசிக் கொண்டிருக்கும்போதே கூப்பிடுகிறோம்.

1977-இல் திறந்த கலங்கரை விளக்கத்தின் அருகே சுண்டல் வாங்கித் தின்றோம். இருட்டியதும் அவரவர் ரயிலுக்குப் புறப்பட்டார்கள். காலையில் "நீங்கள், வாங்கள்" என்று இருந்தவர்கள் இரவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விடை பெற்றார்கள். மறு வாரத்திலிருந்து பத்து மணிக் கூட்டம் பதினொன்றரைக்கு மாறியது என்று என் அக்காள் பெண் சொன்னாள்.

அம்மணிகளே! உங்கள் மகளோ மருமகளோ, "ஆபீஸ்காரர்கள் ஒரு நாள் வெளியூரில் கூடுகிறார்கள், போய் வரட்டுமா?" என்று கேட்டால், ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். அதுவும் வேலைதான். இரண்டு வேளைக்குக் குழந்தையை நீங்கள் பார்த்துக் கொள்ளுங்கள். வழிக்குக் கொஞ்சம் புளியோதரை கட்டிக் கொடுங்கள். ஏழு பேருக்கும் போதுமான அளவு கட்டுங்கள்!