எழுபத்தொன்றரை மில்லிமீட்டர்

அப்பாவின் புல்லட்டைத் தம்பி விற்றுவிட்டது, விற்றுப் பதினோரு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அப்பா அண்ணனூர் கார்ஷெட்டில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் சாக்கை விரித்து வண்டியைப் பிரிப்பார். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது, நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவுவது எல்லாம் நான். ஓட்டக் கற்றுக்கொண்டது தம்பி.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"உனக்கு எதுக்குக்கா அது?"

இரண்டு வருடம் கழித்துச் சீட்டுப் பணம் எடுத்தேன். எண்பத்தைந்தாயிரம் கொடுத்து, 1986 மாடல் புல்லட் ஒன்றை வாங்கினேன். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அப்பா வண்டி மாதிரியே. விற்றவர் துணைக்கு வந்த தம்பியைப் பார்த்தே பேசினார். "350ஐ 500 ஆக்கியிருக்கோம் சார். சத்தத்தைக் கேளுங்க. அதான் இந்த விலை." பணத்தை எண்ணி நீட்டிய என்னிடம், "சாருக்குத்தானேம்மா வண்டி?" என்று மட்டும் கேட்டார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் பதினான்கு வருடமாக இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறேன். நாளெல்லாம் துளைகளை அளப்பதுதான் என் பிழைப்பு. சத்தத்தை வைத்து எஞ்சினை எடைபோட எனக்குத் தெரியாது. அளந்தால் தெரியும்.

முதலில் நம்பர். எஞ்சின் நம்பர் மீதும் சேசிஸ் நம்பர் மீதும் தாளை வைத்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் செய்வதுபோல் பென்சிலால் தேய்த்தேன். இரண்டும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போயின. அடுத்தது கார்புரேட்டர். அதன் வாய் 28 மில்லிமீட்டர். 350க்கு வருவது 24. அப்படியானால் 500இன் கார்புரேட்டரைத்தான் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் பிளக் கரியாய்க் கறுத்திருந்தது. பெரிய எஞ்சின் என்றால் ஏன் இவ்வளவு பெட்ரோல் எரியாமல் மிஞ்சுகிறது?

சனிக்கிழமை இரவு ஹெட்டைக் கழற்றினேன். மகள் டார்ச் பிடித்தாள். பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். இது ஒன்றையும் சொல்லாது. 350க்கும் 500க்கும் அந்த நீளம் ஒன்றுதான். வித்தியாசம் அகலத்தில். 350க்கு 70, 500க்கு 84. வெர்னியரை உள்ளே விட்டுப் பார்த்தபோதே 84 இல்லை என்று தெரிந்துவிட்டது.

திங்கள்கிழமை சிலிண்டரைக் கழற்றிக் கட்டைப்பையில் போட்டு ரயில் ஏறினேன். வார்ப்பிரும்பு; கை இற்றுவிடும் கனம். லேடீஸ் பெட்டியில் ஒரு அம்மா, "என்ன, குக்கரா?" என்றார். "ஆமாம்மா, ரிப்பேர்" என்றேன். அம்பத்தூர் வர இரண்டே ஸ்டேஷன். சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் போர் கேஜை விட்டு மேலே, நடுவில், அடியில், ஒவ்வோர் இடத்திலும் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அளந்தேன். அடியில் 71.52. மேலே முன்பின்னாக 71.66, பக்கவாட்டில் 71.58. பிஸ்டன் முன்னும் பின்னும்தான் அழுத்தித் தேய்க்கும்; அதனால் வட்டம் முட்டை வடிவாகிவிடும். பிஸ்டன் தலையில் படிந்த கரியைச் சுரண்டினால் 060 என்ற எண். அங்குலத்தில் ஆயிரத்தில் அறுபது பங்கு, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர்.

கணக்குச் சுலபம். 7.15 பெருக்கல் 7.15 பெருக்கல் 0.7854 பெருக்கல் 9. 361 சிசி. இது 500 ஆக்கப்பட்ட எஞ்சின் இல்லை. தேயத் தேயக் கடைந்து, இனிக் கடைய இடமில்லாமல் போன 350. அதன் மேல் பெரிய கார்புரேட்டரும் சத்தம் போடும் சைலன்ஸரும்.

மெக்கானிக் அண்ணனிடம் தாளைக் காட்டினேன். படிக்காமலே, "தம்பிய வரச்சொல்லும்மா, பேசிக்கலாம்" என்றார்.

பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற ஆங்கிலேயப் பொறியாளரைப் பற்றி அந்த வாரம்தான் படித்தேன். தானே மாற்றியமைத்த நார்ட்டன் பைக்கில் 1934இல் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தை மணிக்கு 100 மைலுக்கு மேல் சுற்றித் தங்க நட்சத்திரம் வாங்கியவர். போர் விமானங்களின் மெர்லின் எஞ்சின், விமானம் மூக்கைக் கவிழ்த்துப் பாயும்போது திணறும். துளையிட்ட ஒரு சின்ன உலோகத் துண்டால் அந்தத் திணறலைக் கட்டுப்படுத்தினார். 1941இல் விமானங்களில் அதைப் பொருத்தினார்கள். அந்தத் துண்டுக்கு ஆண்கள் வைத்த பட்டப்பெயர், அவர் உடலைக் கேலி செய்யும் இரட்டை அர்த்தப் பெயர். அவருக்கே அந்தக் கதி. என் தாளை யார் படிப்பார்கள்?

இருந்தாலும் விற்றவரிடம் தனியாகவே போனேன். தம்பி வரட்டுமா என்றான், வேண்டாம் என்றேன். ஆறு அளவுகளையும் கணக்கையும் எழுதி, சிலிண்டரை அவர் மேஜைமேல் வைத்தேன்.

"நீங்களே அளந்தீங்களா?"

"என் வேலையே அதுதான் சார்."

நீண்ட நேரம் சிலிண்டரையே பார்த்தார். பிறகு பதினைந்தாயிரம் திருப்பித் தந்தார். முழு நியாயம் இல்லை. ஆனால் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

ஒரு வேடிக்கையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. என் ஆர்.சி.யில் 346 சிசி. அவர் சொன்னபடி நிஜமாகவே 500 ஆக இருந்திருந்தால், எண்பத்தைந்தாயிரத்துக்கு ஒரு வழக்கைத்தான் வாங்கியிருப்பேன். அவர் சொன்ன பொய்தான் என்னைக் காப்பாற்றியது.

1955இல் திருவொற்றியூரில் தொடங்கியது இந்த வண்டியின் சென்னைக் கதை. அதைச் செய்தவர்கள், ஓட்டியவர்கள், பிரித்தவர்கள் என்று சொல்லப்படும் கதைகளிலெல்லாம் ஆண்கள்தான். மண்ணெண்ணெயில் நட்டுக் கழுவிய பெண்பிள்ளைகளை யாரும் கணக்கில் எழுதவில்லை.

எங்கள் இன்ஸ்பெக்ஷன் தாளில் கடைசியில் மூன்று கட்டங்கள் இருக்கும்: ஏற்பு, நிராகரிப்பு, மறுவேலை. என் புல்லட்டுக்கும் ஒரு தாள் போட்டு மூன்றாவதில் டிக் அடித்தேன். லேத் பட்டறையில் ஸ்லீவ் இறக்கி மறுபடி 70க்குக் கடைந்தாயிற்று. புது பிஸ்டன், 24 கார்புரேட்டர், பழைய மாதிரி சைலன்ஸர்.

நேற்று மாலை மகள் வாசலில் நின்றாள். டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, லிவரை விட்டு மிதிக்கச் சொன்னேன். மூன்றாவது உதையில் பிடித்தது.

எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யார் வண்டிம்மா?" என்றார்.

மகள்தான் பதில் சொன்னாள்.