அப்பாயியின் மண்சட்டி

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை இலங்கையில் அடுப்பு மூட்டிய எவரும் மறந்திரார். எரிவாயுச் சிலிண்டருக்காக மக்கள் இரவும் பகலும் வரிசையில் காத்து நின்ற காலம் அது. மாத்தளை நகரை அடுத்த எம் வீட்டிலிருந்து கணவர் இரண்டு நாள் சென்று நின்று, வெற்றுச் சிலிண்டருடனேயே திரும்பினார். கோழித் தீனியின் விலையும் கைக்கு எட்டாமற் போகவே, முட்டையிடுவதை நிறுத்திவிட்ட முதிய கோழியொன்றை அறுப்பதென முடிவாயிற்று. ஆனால் அந்த முற்றிய இறைச்சியை வேகவைக்க எத்தனை கட்டு விறகு வேண்டுமோ என்று நாம் மலைத்து நின்றோம்.

அப்பொழுதுதான் எம் மாமியார் வாய் திறந்தார். பிள்ளைகளைப் பின்பற்றி நாமும் அவரை அப்பாயி என்றே அழைப்போம். இறத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். எம் வீட்டிற்கு எரிவாயு அடுப்பு வந்த நாளில் அவருடைய மண்சட்டியை விறகுக் கொட்டிலில் கவிழ்த்து வைத்தவர் நாமே. அதன்பின் சமையலைப் பற்றி அவர் ஒரு சொல்லும் உரைத்ததில்லை. அந்த மௌனத்தை மனநிறைவு என்று நாம் எண்ணியிருந்தோம்.

"அந்தச் சட்டியக் கழுவி எடுத்துட்டு வா புள்ள" என்றார்.

கடைக்குச் செல்ல வேண்டிய தேவை நேரவில்லை. வேலியிற் காய்த்து உலர்ந்த மிளகு இரண்டு மேசைக்கரண்டி, கொத்தமல்லி, விரலளவு கறுவாப்பட்டை, நான்கு ஏலக்காய், இரண்டு சுளை கொறுக்காய், இஞ்சி, பூண்டு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், உப்பு. இவற்றை அரைத்துக் கோழியின் மேலும் உள்ளும் பூசி, முழுதாகவே சட்டியில் வைத்து, இரண்டு கோப்பை நீர் ஊற்றினார். முன்பு மூடியின் விளிம்பைப் பிசைந்த மாவினால் அடைப்பாராம். அன்று மாவு விற்ற விலைக்கு ஈரத்துணியே போதுமென்றார்.

தீயில்தான் அவருடைய திறமை முழுவதும் இருந்தது. மிளகுக் கொடிக்குத் தாங்கலாக நின்ற கிளிசிரிடியாவின் காய்ந்த கிளைகளை எரித்து, சட்டி கொதி கண்டதும் சுவாலையைத் தணித்தார். தணலை மூன்று கல்லுக்கு நடுவே பரப்பிச் சாம்பலால் மூடினார். மூடியின் மேலும் சில தணற்கட்டிகளை வைத்தார். காலை ஏழு மணிக்கு ஏற்றிய சட்டி அது. எட்டு மணிக்கே நாம் மூடியைத் தூக்கிப் பார்க்கச் சென்று நன்றாக ஏச்சு வாங்கினோம்.

"தொறந்து தொறந்து பார்த்தா வேகாது. வச்சிட்டுக் கொழுந்துக்குப் போற மாதிரி போயிரணும்."

லயத்து அறையில் அவர் சமைத்த முறை அதுவே. விடியலில் தணலை மூடிவிட்டு மலைக்குப் போவார். திரும்பும்போது கறி வெந்திருக்கும். முற்றிய இறைச்சியின் தசையைப் பிணைத்து நிற்பது கொலாஜன் என்னும் புரதம். 70 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட மெல்லிய வெப்பத்தில் அது பல மணி நேரம் கிடந்தால்தான் ஜெலட்டினாகக் கரையும். கடுந்தீயில் கொதிக்கவிட்டாலோ, அது கரையுமுன்னரே தசை இறுகி உலர்ந்துவிடும். பள்ளியில் விஞ்ஞானம் கற்ற நமக்கு இது அன்று நினைவிற்கு வரவில்லை.

பகல் ஒரு மணிக்கு மூடி திறந்தது. எலும்பு கையோடு வந்தது. கணவர் பேசாமல் இரண்டாம் முறையும் சோறு வாங்கினார். அப்பாயிக்கு முதலிற் பரிமாறியிருக்க வேண்டும் என்பது, அவர் எல்லார்க்கும் இட்டு முடித்த பின்னரே எமக்குத் தோன்றிற்று.

அவ்வாண்டின் பிற்பகுதியில் எரிவாயு மீண்டும் கிடைக்கலாயிற்று. சட்டி கொட்டிலுக்குத் திரும்பவில்லை.

சென்ற விடுமுறையில் இலண்டனிலிருந்து வந்த உறவினர், எட்டு மணி நேரம் தானே மெல்லச் சமைக்கும் மின்சாரப் பானையொன்றைக் கொணர்ந்தார். அமெரிக்கரான இர்விங் நாக்சன் இத்தகைய பானைக்கு 1940இல் காப்புரிமை பெற்றார். லித்துவேனியக் கிராமத்தில் ஓய்வுநாளுக்கு முன் ரொட்டிச்சூளையின் சூட்டில் இரவெல்லாம் வேகவிட்ட யூதர்களின் கறியைப் பற்றி அவர் குடும்பத்து மூத்தோர் சொன்ன கதையே அதற்கு வித்து. 1971இல் அது 'குரொக்பொட்' என்ற பெயருடன் சந்தைக்கு வந்து, வேலைக்குச் செல்லும் பெண்களிடையே பெரிதும் விலைபோயிற்று. காலையில் நிரப்பிவிட்டுப் போனால் மாலையில் உணவு ஆயத்தமாயிருக்கும் என்று உறவினர் விளக்கினார்.

அப்பாயி பானையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அங்கயும் பொம்பளைங்க கொழுந்துக்குப் போறாங்களா?" என்று கேட்டார்.