கைக்கேற்ற பிடி

நம் வீட்டில் ஒரு சிறு ரிவால்வர் இருக்கிறது என்று சொன்னால் நேயர்கள் திடுக்கிட வேண்டியதில்லை. அது தகப்பனார் வாங்கியது. முறையான லைசென்ஸ் உள்ளது. அரியலூருக்கு அப்பால் நம்முடைய காட்டுக் கொட்டகையில், இரும்புப் பெட்டிக்குள், வருஷம் முழுவதும் நித்திரை செய்கிறது. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சில வாரம் விருந்தாளியாக இருந்துவிட்டு வரும். ஆயுத பூஜையன்று மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை முதலிய உழைப்பாளிகளுடன் சரிசமானமாக அமர்ந்து சந்தனப் பொட்டு இட்டுக்கொள்ளும். வேலை செய்யாமலே மரியாதை பெறுகிறவர்கள் எங்கும் உண்டல்லவா?

அதன் லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு பூகோள பாடமே கிடைக்கும். முதல் முத்திரை திருச்சி ஜில்லாவினுடையது. 1995-இல் பெரம்பலூர் தனி ஜில்லாவாயிற்று. 2001-இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. மறு வருஷமே திரும்பவும் ஒட்டிக்கொண்டது. 2007-இல் மறுபடியும் பிரிந்தது. ரிவால்வர் பெட்டியை விட்டு அசையவில்லை. ஜில்லாக்கள்தாம் அதைச் சுற்றி வலம் வந்தன.

இந்த லைசென்ஸ் சம்பிரதாயத்துக்கு மூல புருஷர் லிட்டன் பிரபு. 1878-ஆம் வருஷத்து அவருடைய ஆயுதச் சட்டம், இந்தியனுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம் என்று பேதம் செய்தது. 1887-இல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மகாசபை அந்தச் சட்டத்தைத் திருத்தும்படி கேட்டது. 1959-இல் நம்மவர்களே புதுச் சட்டம் செய்துகொண்டோம். அதில் பேதம் இல்லை. சீட்டு மட்டும் இருக்கிறது. இருப்பதே நல்லது என்பது நம் அபிப்பிராயம்.

சென்ற சித்திரையில் ஒரு நாள் நள்ளிரவில் பம்ப்செட்டுப் பக்கம் நாய் விடாமல் குரைத்தது. மோட்டாருக்குப் போகும் தாமிரக் கம்பியை அறுத்துக்கொண்டு போகிற திருடர்கள் நம் பக்கத்தில் உண்டு. பெட்டியைத் திறந்து, குண்டுகளைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தோம். பின்னால் டார்ச் விளக்குடன் மனைவி. இருட்டில் கையை இறுக்கியபோது, உள்ளங்கைக்குள் ஏதோ 'நெறுக்' என்று நழுவிற்று. விரல் விசையின் மேல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. நல்ல வேளை, இருக்கவில்லை. திருடர்கள் நாய்க்கே பயந்து ஓடிவிட்டார்கள். நாம் விளக்கடியில் வந்து, குண்டுகளை எடுத்துவிட்டுப் பார்த்தோம். வலப் பக்கத்துப் பிடித் தகடு திருகாணித் துளையிலிருந்து அடி வரைக்கும் பிளந்திருந்தது.

இந்த ரிவால்வர் பர்மிங்காமில் வெப்ளி அண்டு ஸ்காட் கம்பெனி செய்தது. ·32 காலிபர், ஆறு குண்டு, நடுவில் ஒடித்துத் திறக்கிற ஜாதி. பிற்காலத்தில் கான்பூரில் நம் சர்க்கார் தொழிற்சாலை செய்த ·32 ரிவால்வரும் இதே வம்சந்தான். பிடியின் இரு பக்கமும் வல்கனைட் என்கிற கெட்டி ரப்பர்த் தகடுகள். ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்து வேகவைத்துக் கருங்காலி போல் ஆக்குவது அது. புதிதாக இருக்கையில் வெகு அழகு. வயதானால் வெளுத்து, நொறுங்குகிற குணம் வந்துவிடும். குளிர் தேசத்துச் சரக்கு, நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல் பூமியின் வெயிலில் இத்தனை காலம் தாங்கியதே பெரிது.

பிளந்த தகட்டைக் கையில் வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் புரியவில்லை. அதில் சிறு சிறு கட்டங்களாகச் செதுக்கியிருந்த சொரசொரப்பு, நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தேய்ந்து வழவழவென்றிருந்தது. தகப்பனார் இதை ஒரு தடவையாவது சுட்டு நாம் கேட்டதில்லை. பின் எப்படித் தேய்ந்தது? தாயாரிடம் கேட்டோம்.

"வெள்ளாமைக் காவல் ராத்திரியில் திண்ணையில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஜபமாலை உருட்டுகிற மாதிரி கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருப்பார். அவருக்கும் பயந்தான், தம்பி" என்றாள்.

நாம் அவரைப் பயமறியாதவர் என்று எண்ணியே வளர்ந்தவர்கள்.

தகட்டைப் பசை வைத்து ஒட்டிவிடலாமா என்ற ஆசை அப்போது வந்தது. திருச்சியில், பழுது பார்ப்பதற்கும் லைசென்ஸ் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடைக்குக் கொண்டு போனோம். அங்கே வேலை செய்கிற பெரியவர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்: "ஒட்டினது மறுபடியும் நழுவும். இன்னொரு ராத்திரி உங்களுக்கு வேண்டுமா?"

புதுப் பிடி போடுவதென்று தீர்மானமாயிற்று. உடனே நண்பர்கள் யோசனை சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் தந்தப் பிடி என்றார். தந்த வியாபாரம் சட்ட விரோதமாகி எவ்வளவோ காலமாயிற்று என்பது அவருக்குத் தெரியாது. மற்றொருவர் கடமான் கொம்பு என்றார். ஒரு காலத்தில் நம் காட்டுக் கடமான் உதிர்த்த கொம்பு கப்பலேறிப் போய் ஷெபீல்டில் கத்திப் பிடியாகவும், அமெரிக்காவில் ரிவால்வர்ப் பிடியாகவும் ஆனது வாஸ்தவம். 1998-இல் அந்த ஏற்றுமதி நின்றது. இங்கேயும் வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது; நிற்கட்டும். மூன்றாமவர் ரப்பர்ப் பிடியைச் சிபாரிசு செய்தார். உதைப்பு கைக்குத் தெரியாது, வியர்த்தாலும் வழுக்காது என்பதெல்லாம் சரியே. ஆனால் அது பருமன். சட்டைத் துணியைப் பற்றிக்கொண்டு எளிதில் வெளிவராது. சித்திரை வெயிலில் வருஷக்கணக்காகக் கிடந்தால் பிசுபிசுக்கவும் செய்யும்.

பெரியவர் இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, "எதனால் செய்வது என்பது இருக்கட்டும். முதலில் உங்கள் கையைக் காட்டுங்கள்" என்றார்.

காலி ரிவால்வரைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். சிறு ரிவால்வரின் தொல்லையே அதன் சிறுமைதான். மூன்று விரலுக்கு இடம் போதாமல் சுண்டு விரல் அந்தரத்தில் தொங்குகிறது. விசைக் காப்பு வளையத்தின் பின்னால் ஒரு சந்து வெறுமையாக இருக்கிறது. சுட்டதும் உதைப்பினால் வளையம் நடு விரல் கணுவின் மேல் மோதுகிறது. 2016-ஆம் வருஷத்து விதிப்படி பயிற்சிச் சான்று வாங்கப் போன நாளில் இந்த உண்மையை நம் விரல் அறிந்து, ஒரு வாரம் கட்டுடன் திரிந்தது. 'சுட்டவருக்கே காயம் பட்ட துப்பாக்கி' என்று வீட்டில் அதற்குப் பெயரும் வந்துவிட்டது.

பெரியவர் அந்தச் சந்தில் மெழுகை வைத்து அடைத்து, மறுபடியும் பிடிக்கச் சொன்னார். என்ன ஆச்சரியம்! நடு விரல் கீழே இறங்கி ஒழுங்காக அமர்ந்துகொண்டது. பிறகு பின்புறத்தில் கொஞ்சம் மெழுகு பூசினார். ஆள்காட்டி விரல் விசையை எட்டாமல் நுனியால் தடவிற்று. சுரண்டினார், விரலின் முதல் கணு வரைக்கும் உள்ளே போய்விட்டது. திரும்பப் பூசினார். விரலின் சதைப் பகுதி விசையின் மேல் சரியாக வந்து நின்றபோது, "இதுதான் உங்கள் அளவு. உங்கள் அப்பாவுக்குக் கை பெரிது போலிருக்கிறது, உங்களுக்குச் சின்னது" என்றார். அரை மணி நேரத்துக்குள் தகப்பனாரைவிட நாம் சிறியவர் என்பதை ஓர் அந்நியர் மெழுகினால் நிரூபித்துவிட்டார்.

மரம் நாமே கொண்டு வருவதாகச் சொன்னோம். அதற்குக் காரணம் பெரம்பலூர் ஜில்லாவில், பச்சைமலையின் பக்கத்தில் இருக்கிற அரும்பாவூர். தெய்வச் சிற்பங்களும் தேர் வேலையும் அங்கே பரம்பரைத் தொழில். 2020-இல் அரும்பாவூர் மரச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. போகிற வழியில் சற்றுச் சுற்றிக்கொண்டு சாத்தனூர்க் கல்மரத்தையும் பார்த்தோம். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது. பதினெட்டு மீட்டர் நீளம். பூகர்ப்ப சாஸ்திரி எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். விரிசல் விடாத மரம் வேண்டுமானால் இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் போலும்.

அரும்பாவூரில் ஒரு ஆசாரியின் பட்டறையில் வாகைக் கட்டைகளும் மாங்கட்டைகளும் குவிந்திருந்தன. பாதி முடிந்த விநாயகர் ஒருவர் சிராய்களுக்கு நடுவே வீற்றிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். ரிவால்வரைக் கொண்டு போகவில்லை. லைசென்ஸ் இல்லாதவர் அதில் கை வைப்பதற்குச் சட்டம் இடங்கொடாது. அளவை மட்டும் ஒரு காகிதத்தில் காட்டினோம்.

"வாகை சாமிக்கு ஆகும். இவ்வளவு மெல்லிசாகச் சீவித் திருகாணி போட்டால் ரேகை வழியே பிளந்துபோகும்" என்றார் ஆசாரி.

"தோதகத்தி?"

"பார்க்க நன்றாயிருக்கும்." சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "ஐயா, உங்கள் மண்வெட்டிக்கு என்ன காம்பு போட்டிருக்கிறது?" என்று கேட்டார்.

"கருவேலம்."

"அது நாள் முழுக்க அதிர்கிறது. பிளந்ததா?"

வாயடைத்துப் போனோம். நம் வரப்பிலேயே வளர்கிற மரம்! பரண் மேலிருந்து வெகு நாள் காய்ந்த ஒரு கருவேல வைரத் துண்டை எடுத்து, ரேகை குறுக்கே ஓடாமல் பார்த்து அறுத்துக் கொடுத்தார். பணம் கொடுத்தபோது சிரித்தார்.

திருச்சிப் பெரியவர் அதை மெழுகு அச்சுப்படி இழைத்து, ஆளிவிதை எண்ணெய் தேய்த்துப் பொருத்தித் தந்தார். செங்கபில நிறம். அடியில் சுண்டு விரலுக்கு ஒரு நெல் அளவே இடம் கூடியிருக்கிறது. அதற்கு மேல் நீட்டினால் இடுப்பில் துருத்தும் என்றார். பயிற்சிக் களத்தில் பன்னிரண்டு குண்டு சுட்டோம். விரலில் காயம் இல்லை. பத்துக் குண்டு அட்டையில் விழுந்தன. மற்ற இரண்டும் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை.

பழைய தகடுகள் அதே இரும்புப் பெட்டியில், ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி இருக்கின்றன. இந்த ஆயுத பூஜையில் தாயார் அவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னாள். புதுப் பிடிக்கு மனைவி சந்தனம் வைக்கப் போனபோது, மரத்தில் கறை படியுமே என்று தடுத்தோம். "மண்வெட்டிக் காம்புக்கு மட்டும் படியலாமோ?" என்று கேட்டுவிட்டுப் பொட்டை வைத்தாள்.