மேசைமேல் ஒரு பானிபட்

பொம்மைகளை நிறுத்திப் போர் ஆடுவது சிறுவர் செயல் என்று பலரும் எண்ணுவர். ஆயின் சதுரங்கத்தை எவரும் அவ்வாறு இகழ்வதில்லை. நால்வகைப் படையையும் கட்டங்களுக்குள் அடக்கிய அந்த நம் நாட்டு ஆட்டம் உலகெங்கும் சென்று பெருமை பெற்றது. அதன் கட்டங்களை அழித்துவிட்டு, மேசையையே நிலப்பரப்பாக்கி, மேடும் ஓடையும் ஊரும் அமைத்து, விரற்கடை உயரப் பொம்மைகளைப் படைகளாக நிறுத்தினால் அதுவே போர் ஆட்டம். பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் படை அதிகாரி 1824-ஆம் ஆண்டில் நடுவரையும் பகடையையும் கொண்ட விதிகளை வெளியிட்டார். அங்குள்ள படைத்தலைவர்களுக்கு அது பயிற்சியாக அமைந்தது. 1913-இல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் இதைப்பற்றி ஒரு நூலே எழுதி, வீட்டுக் கூடத்து விளையாட்டாகவும் ஆக்கினார்.

தலைநகரில் மத்திய அரசு எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு இவ்வாட்டத்தை அறிமுகப்படுத்தியவர் வங்க நண்பர் ஒருவர். எங்கள் குழுவில் எண்மர். அனைவரும் கோப்புகளோடு காலம் கழிப்பவர்கள். வெளிநாட்டு உலோகப் பொம்மைகளை வாங்க எங்கள் சம்பளம் இடம் தராது. பெட்டிக் கணக்கில் கிடைக்கும் பிளாஸ்டிக் வீரர்களை வாங்கி, வெட்டி ஒட்டி, தலைப்பாகை சுற்றி, வண்ணம் தீட்டிக்கொள்வோம். ஓராண்டுக் காலம் இரவுகளில் உழைத்து, 1761 ஜனவரி 14-ஆம் நாள் நிகழ்ந்த மூன்றாம் பானிபட் போருக்கு வேண்டிய படைகளைத் திரட்டினோம். தில்லியிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் தொலைவில் நிகழ்ந்த போர் அது. படுதோல்வியைக் குறிக்க 'பானிபட் ஆயிற்று' என்று மராட்டியர் இன்றும் கூறுவர்.

சனி, ஞாயிறு இரு நாளும் எங்கள் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தை வாடகைக்கு எடுத்தோம். இரண்டு டேபிள் டென்னிஸ் மேசைகளை நீளவாக்கில் சேர்த்துப் போட்டால் பதினெட்டு அடி நீளம், ஐந்து அடி அகலம். அகலம் அதற்குமேல் போனால் நடுவிலுள்ள படையைக் கை எட்டாது. நான்கு பொம்மைகள் ஒட்டிய ஓர் அட்டை ஐந்நூறு வீரருக்குச் சமம். ஒரு சுற்று அரை மணி நேரப் போருக்குச் சமம்.

வங்க நண்பர் நடுவர். மூத்த பஞ்சாபி நண்பர் அகமத் ஷா அப்தாலி. இளையவர் அவருடைய வசீர் ஷா வலி கான். லக்னோ நண்பர் தம் ஊர் நவாபான ஷுஜா உத் தௌலாவை விட்டுக்கொடுக்க மறுத்தார். ராஜஸ்தானி நண்பர் நஜீப். எதிர்ப்புறம் மராட்டிய நண்பர் சதாசிவராவ் பாவ். மலையாள நண்பர் மல்ஹர்ராவ் ஹோல்கர். இடப்புறத்துப் பீரங்கிகளுக்கும் துப்பாக்கிக் காலாட்களுக்கும் தலைவரான இப்ராகிம் கான் கார்டி என் பங்காயிற்று. அதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அவர் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் கீழ்த் தக்காணத்தில் போர்முறை பயின்றவர். அந்தப் புஸ்ஸி, பானிபட்டுக்கு ஓராண்டு முன்பு, 1760 ஜனவரியில் நம் வந்தவாசிப் போர்க்களத்தில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். புதுச்சேரியின் புஸ்ஸி வீதி அவர் பெயரைத் தாங்கியது.

இவ்வாட்டத்தின் உயிர் பகடையில் இல்லை. ஆணைச் சீட்டில் உள்ளது. தொடங்கிய பின் தலைவர்கள் ஒருவரோடொருவர் பேசலாகாது. எழுதி நடுவரிடம் தர வேண்டும். தொலைவுக்கு ஏற்ப ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ கழித்து அவர் அதனை உரியவரிடம் சேர்ப்பார். ஆணைகளைப் பெறுவதும் பதிவதும் அனுப்புவதுமே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு, தாமதமாகச் சேரும் தாளின் கனம் அன்றுதான் விளங்கிற்று. என் துப்பாக்கி வரிசைக்கு முன்னே குதிரைப்படையை விடவேண்டாம் என்று பாவுக்கு எழுதினேன். சீட்டு அவர் கைக்கு எட்டுவதற்குள் குதிரைகள் பாய்ந்துவிட்டன. என் வீரர்கள் சுட வழியின்றி நின்றனர். உண்மைப் போரிலும் இவ்வாறே நிகழ்ந்ததென வரலாற்றாசிரியர் சிலர் எழுதுவர்.

நடுவர் இன்னொரு விதியையும் சேர்த்திருந்தார். மராட்டியப் படை இரண்டு மாதங்களுக்கு மேல் பானிபட்டில் முற்றுகைபோல் அடைபட்டு, உணவு வழிகள் அறுபட்டு, பட்டினியின் எல்லையிலேயே களம் புகுந்தது. ஆகவே நண்பகலுக்குப் பின் ஒவ்வொரு சுற்றிலும் எங்கள் படைகள் பகடையில் ஒரு புள்ளி இழக்கும். அப்தாலியோ புதிய படைகளைப் பின்னே இருத்தி, ஒட்டக முதுகில் பொருத்திய சுழல் துப்பாக்கிகளோடு பிற்பகலுக்காகக் காத்திருந்தார். வரலாற்றில் குண்டுபட்டு மாண்ட பேஷ்வாவின் மகன் விசுவாசராவ் எங்கள் மேசையில் இறுதிவரை யானைமேல் இருந்தார். ஆயினும் எட்டாவது சுற்றில் வரிசை உடைந்தது. விதியை அவ்வாறு எழுதினால் முடிவும் அவ்வாறுதானே அமையும் என்று வாசகர் கேட்கலாம். மெய்தான். ஆனால் பசியை விதியில் எழுதாமல் விடுவது அதனினும் பெரிய பொய்யாகும்.

வரிசை உடைந்ததும் பஞ்சாபி நண்பர்கள் கைகுலுக்கினர். தேநீர் வந்தது. பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினோம். மராட்டிய நண்பர் மட்டும் மேசையின் கோடியில் நின்றார். அங்கே, எங்கள் வரிசைக்குப் பின்னால், பழைய புடவைத் துணியில் தைத்த கூடாரங்களும் தீக்குச்சியால் செய்த மாட்டுவண்டிகளும் இருந்தன. அழகுக்காக வைத்த பாசறை அது. அதற்குப் புள்ளி இல்லை. அதனைப் பற்றி விதியும் இல்லை.

"ஆட்டம் எங்கே முடிந்தது? இவர்கள் எவ்வழியே வீடு திரும்புவார்கள்?" என்று அவர் கேட்டார்.

ஒருவரும் விடை சொல்லவில்லை. அந்தப் படையோடு பெண்களும் குழந்தைகளும், வடநாட்டுத் தலங்களைத் தரிசிக்கலாம் என்று உடன்வந்த யாத்திரிகர்களும், கடைக்காரரும், வண்டிக்காரரும் திரளாக வந்திருந்தனர். தோல்விக்குப் பின் கொல்லப்பட்டோர் பலர். அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோர் பலர். தப்பியவர் வழிவந்தோர் எனத் தம்மைக் கருதுவோர் இன்றும் அரியானாவில் வாழ்கின்றனர். ஷுஜாவிடம் பணிபுரிந்த காசிராஜ் என்னும் எழுத்தர் அந்நாளைக் கண்ணால் கண்டு பாரசீகத்தில் எழுதிவைத்தார்.

தோல்விச் செய்தி பேஷ்வாவுக்கு ஒரு வணிகர் கடிதத்தால் எட்டிற்று என்பர். குறிப்புமொழியில் எழுதிய அக்கடிதத்தில் மாண்ட பெருந்தலைவர்கள் முத்துகள். அடுத்த நிலையினர் பொற்காசுகள். ஏனையோர் வெள்ளியும் செம்பும். முத்துக்கும் பொன்னுக்கும் எண்ணிக்கை கூறப்பட்டது. வெள்ளிக்கும் செம்புக்கும் கணக்கில்லை என்று முடிந்தது. கணக்கெழுதிப் பழகிய கைக்கு இவ்வரி சுடும். ஒரு நியமன ஆணையைக் கையில் பிடித்து, மனைவி மக்களோடு ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறி வடக்கே வந்த நாம் எந்தக் காசில் சேர்வோம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அன்று மாலையே எட்டுப் பேரும் கூடி விதிநூலில் ஒரு புதிய விதி எழுதினோம். எழுத்து என்னுடையது. பாசறை வண்டிகளைத் தில்லிச் சாலை வழியே மேசையைவிட்டுப் பத்திரமாக வெளியேற்றும் தலைவர், களத்தை இழந்தாலும் தோற்றவராகக் கருதப்படார். வண்டி ஒன்றுக்கு இரண்டு புள்ளி, யானைக்கு ஒன்று. அடுத்த முறை ஆடியபோது மராட்டிய நண்பர் முதற் சுற்றிலேயே ஒரு சீட்டு எழுதினார். அது பீரங்கிக்கும் குதிரைப்படைக்கும் உரியதன்று, வண்டிக்காரர்களுக்கு உரியது. அன்றும் அவர் களத்தை இழந்தார். இருபது வண்டிகளில் பதின்மூன்று தில்லி சேர்ந்தன.