கார் அடியில் ஒரு தேன் நிறச் சொட்டு!

என் அப்பா அரசுப் பேருந்துப் பணிமனையில் 31 வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது 73 வயது. எங்கள் வீட்டுக்குக் கார் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஆயில் மாற்றுவதற்காக அது ஒரு தடவைகூட ஷெட்டுக்குப் போனதில்லை. மூன்று லிட்டர் ஆயில், ஒரு ஃபில்டர், ஒரு வாஷர், அவ்வளவுதான் செலவு என்று அம்மா கணக்குச் சொல்வாள். ஆனால் காசு மிச்சம் என்பது வெளியே சொல்லும் காரணம்தான். பழைய பனியனோடு காருக்கு அடியில் படுத்து எழுந்து வரும் அந்த அரை நாளில் அப்பாவின் நடையே மாறிவிடும். குரலில் ஒரு அதட்டல் வந்துவிடும். "அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடு" என்று அவர் சொன்னால், அம்மாகூட மறுபேச்சு பேசாமல் எடுத்துக் கொடுப்பாள்.

இந்த முறை மாற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை விடியற்காலை நான் என் மகளைச் சென்னையில் காலேஜ் ஹாஸ்டலில் சேர்க்கக் கிளம்ப வேண்டும். திருச்சியிலிருந்து 330 கிலோமீட்டர் வரும். மெத்தை, பக்கெட், பெட்டி என்று சாமான் இருந்ததால் காரில் போவதாக ஏற்பாடு. கணவருக்குத் தூத்துக்குடியில் வேலை, அவர் ரயிலில் நேராகச் சென்னைக்கு வந்துவிடுவார். வண்டி ஓட்டுவது நான்தான்.

அப்பா வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருநாளும் அடியில் போக மாட்டார். தடிமனான மரப் பலகைகளை அடுக்கி ஆணி அடித்து அவரே செய்த சரிவு இரண்டு இருக்கிறது. முன் சக்கரங்களை அதில் ஏற்றி, ஹேண்ட் பிரேக் இழுத்து, கியரில் போட்டு, பின் சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்த பிறகுதான் பாயை விரிப்பார். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினால் பழைய ஆயில் டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக இறங்கும். பிறகு ஃபில்டரைத் திருகி எடுத்து, புது ஃபில்டரின் ரப்பர் ரிங்கில் விரலால் புது ஆயிலைத் தடவி, கையாலேயே மாட்டுவார். ரிங் போய் உட்கார்ந்த பிறகு இன்னும் முக்கால் சுற்று. அதற்கு ஸ்பேனர் தொடக் கூடாது என்பது அவர் சட்டம்.

எல்லாம் முடித்து, ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணி, இரண்டு நிமிடம் ஓடவிட்டுக் குனிந்து பார்த்தார். சொட்டு இல்லை. சாயங்காலம் நானும் மகளும் அதே காரில் சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் போய், விட்டுப்போன சாமான்களை வாங்கி வந்தோம்.

திங்கட்கிழமை காலையில் வாசல் தெளிக்கப் போன அம்மாதான் முதலில் பார்த்தாள். "ஏங்க, வண்டிக்கு அடியில என்னமோ ஊத்தியிருக்கு." போர்ட்டிகோவின் சிமென்ட் தரையில் உள்ளங்கை அளவுக்கு ஈரம்.

ஏசி தண்ணீராக இருக்கும் என்றேன். ஏசி போட்டு ஓட்டிய காரின் அடியில் தண்ணீர் சொட்டுவது சகஜம்தானே. அப்பா பதில் சொல்லாமல் ஒரு செய்தித்தாள் துண்டைக் கிழித்து அதில் ஒற்றிக் காட்டினார். தண்ணீர் என்றால் காகிதம் நனைந்து காய்ந்துவிடும். இது கண்ணாடி மாதிரி ஊடுருவி நின்றது. நிறம் தேன். "பழைய ஆயிலா இருந்தா கறுப்பா இருக்கணும். ஃபில்டர் கழட்டும்போது அங்கங்க வழிஞ்சது சொட்டுதுன்னு விட்டுடலாம். இது நேத்து ஊத்தின ஆயில். இப்பத்தான் எங்கேயோ வெளியில வருது" என்றார்.

பானெட்டைத் திறந்து டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தார். நேற்று மேல் குறியில் நின்ற ஆயில், இரண்டு குறிகளுக்கும் நடுவில் இறங்கியிருந்தது. நிறைய கார்களில் மேல் குறிக்கும் கீழ் குறிக்கும் நடுவில் இருப்பது சுமார் ஒரு லிட்டர். அப்படியானால் ஒரு மாலை நேரச் சுற்றலில் ஏறக்குறைய அரை லிட்டர் போயிருக்கிறது. தரையில் கிடந்தது அதில் கொஞ்சம்தான். மீதி ரோட்டில்.

"ஆனா சிவப்பு லைட் எரியலையேப்பா?" என்று கேட்டேன்.

இந்த விஷயம் வண்டி ஓட்டும் பலருக்கும் தெரிவதில்லை, அதனால் அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். டேஷ்போர்டில் எண்ணெய்க் கிண்டி மாதிரி இருக்கும் அந்தச் சிவப்பு விளக்கு, ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதில்லை. ஆயிலின் அழுத்தம் விழுந்துவிட்டது என்றுதான் சொல்லும். அது ஓடும்போது எரிகிறது என்றால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். 'அடுத்த பங்க் வரைக்கும் போய்ப் பார்க்கலாம்' என்று போனால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அளவு தெரிய டிப் ஸ்டிக்தான் வழி.

பெங்களூரில் இருக்கும் என் தம்பிக்கு அம்மா போன் போட்டுவிட்டாள். அவன் ஸ்பீக்கரில் வந்தான். "ட்ரெயின் போல்ட்டாத்தான் இருக்கும். இன்னும் ரெண்டு சுத்து டைட் பண்ணச் சொல்லுக்கா." உலகத்தில் எந்த ஒழுகலுக்கும் முதலில் கிடைக்கும் ஆலோசனை இதுதான் போலிருக்கிறது. பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, அப்பாவுக்கு வயசாயிடுச்சு. போன வருஷம் சமயபுரத்துக்குப் போயிட்டு ஒத்தச் செருப்போட வந்து இறங்கினாரே, எங்க விழுந்துச்சுன்னே தெரியலைன்னு. அவர்கிட்ட இன்னும் காரைக் குடுக்கறியே. பேசாம ஒரு ஷெட்ல விடு" என்றான். ஸ்பீக்கரில் குரலைத் தாழ்த்தி என்ன பிரயோஜனம்? அப்பா இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஒன்றும் சொல்லவில்லை. பாயை எடுத்து விரித்தார்.

எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் சேம்பர் முழுக்க ஈரம். ட்ரெயின் போல்ட்டின் தலையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்தவுடன் தம்பி சொன்னது சரி என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்பா தலையை ஆட்டினார். போல்ட் இருப்பது எல்லாவற்றுக்கும் கீழே. மேலே எங்கே ஒழுகினாலும் வழிந்து வந்து அங்கேதான் சொட்டும். வண்டி ஓடும்போது காற்றும் ஆயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். அதனால் சொட்டும் இடத்தைப் பார்க்கக் கூடாது, ஈரம் எவ்வளவு உயரத்தில் ஆரம்பிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒழுகல் எங்கே என்று தெரியாமல் போல்ட்டை முறுக்கினால் சேம்பரில் மரை கெட்டுவிடும். அப்புறம் சேம்பரையே மாற்ற வேண்டியதுதான்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பனியன் வேஸ்ட்டில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு, ஃபில்டரிலிருந்து போல்ட் வரை எல்லா இடத்தையும் சுத்தமாகத் துடைத்தார். காய்ந்த துணியால் இன்னொரு தடவை. முக்கால் மணி நேரம் அப்படியே காயவிட்டார். பிறகு, "உன் பவுடர் டப்பாவைக் கொண்டா" என்று அம்மாவைக் கேட்டார். முகத்துக்குப் போடும் பவுடர்தான். அதைத் துணியில் கொட்டி, துடைத்த இடமெல்லாம் வெள்ளையாக ஒற்றிவிட்டார். கோயில் விக்கிரகத்துக்கு விபூதிக் காப்பு சாத்திய மாதிரி இருந்தது எஞ்சின்.

அடியில் இருந்து வெளியே வந்து, என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஸ்லோவில் ஓடியபோது ஒன்றும் இல்லை. "கொஞ்சம் ரேஸ் குடு" என்றார். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். பக்கவாட்டில் குந்தி டார்ச் அடித்துக்கொண்டிருந்த என் மகள், "தாத்தா, கோடு வருது, கோடு வருது!" என்று கத்தினாள். எஞ்சினை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். போல்ட்டைச் சுற்றி பவுடர் அப்படியே வெள்ளையாக இருந்தது. ஃபில்டர் எஞ்சினோடு சேரும் இடத்திலிருந்து ஒரு ஈரக் கோடு கீழே இறங்கியிருந்தது. நேற்று இரண்டு நிமிடம் ஓடவிட்டபோது தெரியாமல் போனதும் இதனால்தான். எஞ்சின் வேகமெடுத்தால் ஆயில் அழுத்தமும் ஏறும், அப்போதுதான் அது வழி தேடி வெளியே வருகிறது.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, கீழே தட்டு வைத்து ஃபில்டரைக் கழற்றினார். அதன் ரிங் நன்றாகத்தான் இருந்தது. கிழிசல் இல்லை, நசுங்கல் இல்லை. அப்பாவுக்கே குழப்பம். கையை மேலே விட்டு, ஃபில்டர் உட்காரும் இடத்தைச் சுற்றிச் சுற்றித் தடவினார். "இங்க ஒண்ணும் இல்லையே."

என் மகள் மொபைலை அடியில் நீட்டி ஒரு போட்டோ எடுத்தாள். அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தாத்தா, அங்க கறுப்பா வட்டமா இன்னொரு ரிங் ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றாள்.

பழைய ஃபில்டரின் ரப்பர் ரிங். பதினான்கு மாதச் சூட்டில் இறுகி, பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதோடு வராமல் எஞ்சினிலேயே தங்கிவிட்டது. அதன் மேல் புது ரிங் உட்கார்ந்திருக்கிறது. ஒரு ரிங் என்றால் தன் பள்ளத்தில் கச்சிதமாக நிற்கும். ரப்பர் மேல் ரப்பர் நிற்காது, வழுக்கும். மெக்கானிக்குகளுக்கு இது பழைய கதை. டவுனுக்குள் ஓட்டினதால் அரை லிட்டரோடு போயிற்று. நான்கு வழிச் சாலையில் மணிக் கணக்காக ஓட்டினால் ரிங் ஒரு பக்கம் பிதுங்கி, சில நிமிடங்களில் மொத்த ஆயிலும் கொட்டிவிடலாம். பெரம்பலூருக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் நடுவில் எங்கேயாவது அது நடந்திருந்தால், அந்த இருட்டில் நானும் மகளும் மெத்தையும்.

ஆனால் அப்பாவை உலுக்கியது அது இல்லை. என் மகள் அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த ரிங்கின் மேலேயே வைத்தாள். "இதுதான் தாத்தா." அவர் விரலை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். பிறகு கையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.

"தெரியலடா" என்றார்.

ரிங்கை ஒரு சின்ன மரக்குச்சியால் நெம்பி எடுத்தது என் மகள். அந்த இடத்தைத் துடைத்து, மறுபடி போட்டோ எடுத்து, ஒரு ரிங்கும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அப்பா சொல்லச் சொல்ல அவளே ஃபில்டரை மாட்டினாள். குறைந்த ஆயிலை ஊற்றினோம். துடைத்து, பவுடர் போட்டு, ஸ்டார்ட் பண்ணி, நன்றாக ரேஸ் கொடுத்துப் பார்த்தோம். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தும் பார்த்தோம். பவுடர் கலையவில்லை.

வேலை முடிந்து கையைக் கழுவும்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். "பணிமனையில ராத்திரி ஷிஃப்ட்ல டார்ச் எல்லாம் சரியா இருக்காதும்மா. பஸ்ஸுக்கு அடியில படுத்துக்கிட்டு கையாலதான் பார்ப்போம். ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் விரல் சொல்லிடும். இப்ப ஒரு வருஷமா விரல் நுனி மதமதன்னு இருக்கு." ஏன் சொல்லவில்லை என்று அம்மா கேட்டாள். "சொன்னா ஸ்பேனரைப் புடுங்கி வச்சுடுவீங்க" என்றார்.

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பதினைந்து வருஷம். செவ்வாய்க்கிழமை திட்டப்படி கிளம்பி, சமயபுரம் தாண்டி ஒரு தடவையும் பெரம்பலூரில் ஒரு தடவையும் குனிந்து பார்த்துக்கொண்டே சென்னை போய்ச் சேர்ந்தோம். திரும்பி வந்த மறுநாள் அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் விரல் மரத்ததைக் கேட்டுவிட்டு, கையைப் பார்க்காமல் காலைக் காட்டச் சொன்னார். சர்க்கரையால் நரம்பு பாதிக்கும்போது பெரும்பாலும் முதலில் மரப்பது பாதம்தான், கைக்கு வருவது பிறகுதான் என்றார். மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் அங்கங்கே அழுத்தி, "தொடுறது தெரியுதா?" என்று கேட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் தொட்ட பாதி இடங்களில் அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

"செருப்பு நழுவி விழுந்து தெரியாமப் போயிருக்கா?" என்று டாக்டர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தச் சமயபுரம் செருப்புக் கதையை அவள் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவாக இருந்தது. வருஷக்கணக்காக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் சிலருக்கு அது குறையும், அதனாலும் மரப்பு வரும் என்று அதற்கு ஊசி எழுதிக் கொடுத்தார். அந்தப் பங்கு சரியாகலாம், சர்க்கரையால் போன நரம்பு முழுக்கத் திரும்பும் என்று சொல்ல முடியாது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மேலும் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும்.

இனிமேல் ஷெட்டுக்கே விட்டுவிடலாம் என்று தம்பி மறுபடி சொன்னான். நான் மாட்டேன் என்றேன். அடுத்த முறை கை என்னுடையது, சொல்வது அப்பாவுடையது என்று பேசி முடிவாகியிருக்கிறது. அதற்கு அவர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். கழற்றிய பழைய ஃபில்டரை ரிங்கோடு அவர் முன்னால் செய்தித்தாளில் வைத்தால்தான் புதுசைக் கையில் கொடுப்பார்.

வடிகட்டிய பழைய ஆயில் கேன் இன்னும் பின்பக்கம் இருக்கிறது. முன்பெல்லாம் கரையான் வராமலிருக்க மரத்துக்குப் பூசுவார். இப்போது சாக்கடையிலும் மண்ணிலும் கொட்டக் கூடாது, பழைய ஆயில் எடுப்பவரிடம்தான் சேர்க்க வேண்டும் என்று பேத்தியின் கண்டிப்பு. அப்பாவுக்குக் குதிகாலில் வார் வைத்த செருப்பு வாங்கியாகிவிட்டது. ஸ்கூல் பையன் மாதிரி இருக்கிறது என்று நாலு நாளாகப் புலம்பிக்கொண்டே போட்டுக்கொண்டிருக்கிறார்.