படல்

வேலி என்ற சொல் நம் மொழியில் ஒரு நில அளவையும் குறிக்கும். 20 மா கொண்டது ஒரு வேலி. முல்லைப்பாட்டில் வரும் பாசறைக்கு முள்வேலிதான் அரண். இவற்றையெல்லாம் வகுப்பில் சொல்லத் தெரிந்த எங்களுக்கு, வீட்டுப் படலைக் காக்கத் தெரியவில்லை.

ஆரணியில் எங்கள் பின்கட்டுத் தோட்டத்தை அடுத்து நெசவாளர் தெரு. இடையில் ஒரு மூங்கில் படல். சவுக்குக் கால்களை வரிசையாக நட்டு, பிளந்த மூங்கில் தப்பைகளை ஒரு காலுக்கு முன்னும் அடுத்த காலுக்குப் பின்னுமாகக் கோத்து முடைந்தது. அப்பா இருந்தவரை ஒவ்வொரு மார்கழியிலும் ஒவ்வொரு காலையும் பிடித்து அசைத்துப் பார்ப்பார். ஆடுகிற காலை அன்றே மாற்றிவிடுவார். அவருக்குப் பிறகு நாங்கள் அசைத்துப் பார்க்கவில்லை.

2021 நவம்பரில் வட தமிழகத்தில் பெருமழை பெய்தது. மழை விட்டபின் பார்த்தால் நான்கு கால்கள் தரைமட்டத்தில் இற்றிருந்தன. ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைக்கும் இடம் அதுவே என்பதால் மரத்தைத் தின்னும் பூஞ்சை அங்கேதான் செழிக்கிறது. பிளாஸ்டிக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு, விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தோம்.

தை மாதத்தில் ஒரு விடியற்காலை. தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவை நீட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக் கன்று படலைத் தள்ளிக்கொண்டு போய் நேராக அதில் விழுந்தது. நாங்கள் ஓடிச்சென்றபோது இழைகள் அதன் கால்களில் சுற்றியிருந்தன. அறுந்தவற்றை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைக்கப் பாவின் சொந்தக்காரருக்கு இரண்டு நாட்கள் ஆயின. தறி ஓடாத நாளுக்குக் கூலி கிடையாது. பணத்தை எடுத்துக்கொண்டு போனோம்.

“பணம் வேணாம் சார். மொதல்ல வேலியக் கட்டுங்க” என்றார்.

கட்டத் தொடங்கியபோது அவரே வந்து நின்றார். “கால்தான் சார் பாவு, தப்பை ஊடை. பாவு தளந்துபோனா ஊடை என்ன பண்ணும்?” என்று, நாங்கள் ஒரு முழத்துக்கும் குறைவாகத் தோண்டியிருந்த குழிகளை ஒன்றரை முழம் ஆழமாக்கச் சொன்னார். கால்களின் அடியில், மண்மட்டத்துக்கு ஒரு சாண் மேல்வரை தார் பூசினோம். மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடித்தான் துளைக்கும் வண்டு வருகிறது. சில வாரங்கள் நீரில் ஊறினால் அது கரைந்து குறையும். ஆகவே தப்பைகளைத் தொட்டியில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்திய பிறகே முடைந்தோம். கறையான் எளிதில் ஏறாதிருக்க, அடித் தப்பைக்கும் தரைக்கும் நான்கு விரல் இடைவெளி விட்டோம்.

மதில் எழுப்பிவிடலாமே என்று உறவினர் கேட்டனர். மதில் காற்றை மறித்து நிற்கும், படல் வழிவிடும். தறிச்சத்தமும் அதன் வழியேதான் எங்கள் வீட்டுக்குள் வருகிறது. யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலிகளில் கிளுவை, பூவரசு முதலிய உயிருள்ள மரங்களையே கதியாலாக நடுவது வழக்கம். தென்னோலைக் கிடுகு மக்கிப் புதிது கட்ட நேர்ந்தாலும், வேர்விட்ட கதியால் நிற்கும். அதை நினைத்து நாங்களும் சவுக்குக் கால்களுக்கு நடுவே கிளுவைப் போத்துகளை ஊன்றினோம். பாதி துளிர்த்தன.

அவர் கடைசிவரை பணம் வாங்கவில்லை. அன்று பிணைத்த இழைகள் இப்போது யாரோ ஒரு மணப்பெண்ணின் புடவையில் இருக்கும். உடுத்தியவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. எங்களுக்குத் தெரியும். மார்கழி பிறந்ததும் காலையில் எழுந்து, ஒவ்வொரு காலாகப் பிடித்து அசைத்துப் பார்க்கிறோம்.