தோட்டத்தில் ஒரு செங்காந்தள்

காவலூர் என்றாலே எல்லோருக்கும் வானம்தான் ஞாபகம் வரும். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இருக்கிற வைணு பாப்பு வானாய்வகம் எங்க ஊரில்தான் இருக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் ஜவ்வாது மலைப் பக்கம் வந்தால், தயவுசெய்து வேலி ஓரத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். புதரைப் பிடித்து ஏறி, மஞ்சளும் சிவப்புமாகத் தீக்கொழுந்து மாதிரி ஒரு பூ நிற்கும். அதுதான் செங்காந்தள், நம்ம மாநில மலர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதல் பூவும் காந்தள்தான்.

கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ. கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு. உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று ஒரு நம்பிக்கை, அதனால் கண்வலிக்கிழங்கு. (நான் நிறைய நேரம் பார்த்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை!)

சரி, மேட்டருக்கு வருவோம். இதை வீட்டில் வளர்க்க முடியுமா? முடியும். ஆனால் அதன் குணம் தெரிய வேண்டும்.

இது பல வருடம் வாழும் செடி. ஆனால் மண்ணுக்கு மேலே தெரிவது சில மாதம்தான். மழை தொடங்கியதும் முளைக்கும், கொடி ஏறும், பூக்கும், காய்க்கும், பிறகு மொத்தமாகக் காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். கிழங்கு உள்ளே தூங்குகிறது. அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றவும் கூடாது, அழுகிவிடும்.

நடுவதற்கு ஜூன், ஜூலை சரியான சமயம். தண்ணீர் தேங்காத செம்மண் போதும். கிழங்கின் ஒவ்வொரு கிளைக்கும் நுனியில் ஒரே ஒரு முளைதான். அது உடைந்தால் அந்தக் கிளை முளைக்காது. அதனால் முட்டையைத் தூக்குவது மாதிரி தூக்கி, இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் படுக்கையாக வையுங்கள். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாக மாறிப் பிடித்துக்கொள்ளும் என்பதால், பக்கத்தில் நாலு விராலிக் குச்சி நட்டால் போதும், தானே ஏறிவிடும்.

பூ தலைகீழாகத் தொங்கும், இதழ் ஆறும் மேல்நோக்கி மடங்கியிருக்கும். சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் வளைந்து நீட்டிக்கொண்டிருப்பதால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் இதை விதைக்காகவே பயிர் செய்கிற விவசாயிகள், காலை வேளையில் பூ பூவாகத் தொட்டு மகரந்தம் வைக்கிறார்கள். இந்த விதையிலிருந்து கோல்சிசின் எடுக்கிறார்கள். கீல்வாதத்தில் ஒரு வகையான 'கவுட்' நோய்க்கு அது மருந்து.

மருந்து என்றதும் ஆர்வப்பட்டு வாயில் வைத்துவிடாதீர்கள். அதே கோல்சிசின்தான் விஷமும். செடி முழுக்க விஷம், கிழங்கில் ரொம்ப அதிகம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. "வீட்டில குழந்தை இருக்கு, ஆடு இருக்கு, இது எதுக்குடா?" என்று எங்க ஆயா கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதனால் ஆடும் குழந்தையும் எட்டாத இடத்தில் வையுங்கள், கிழங்கைத் தொட்டால் கையுறை போடுங்கள், சமையல் கிழங்கு வைக்கும் இடத்தில் இதை வைக்கவே வைக்காதீர்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். கிழங்கு வேண்டும் என்று காட்டுக்குக் கடப்பாரையோடு போகாதீர்கள். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கணக்கு. இந்த வருடக் கிழங்கு தன்னையே கரைத்துக் கொடியை வளர்த்து, போவதற்குள் அடுத்த வருடக் கிழங்கை உருவாக்கி வைத்துவிட்டுப் போகிறது. அதைத் தோண்டி எடுத்தால் அந்த இடத்தில் அடுத்த வருடம் செடியே இல்லை. விதை விழுந்து முளைத்துப் பூக்க மூன்று நாலு வருடம் ஆகும். காமர்ஸ் பாஷையில் சொன்னால், விதை வட்டி, கிழங்கு முதல். முதலையே தின்றால் கம்பெனி எத்தனை நாள் ஓடும்?

பயிர் செய்கிற விவசாயியிடம் ஒரு கிழங்கு வாங்குங்கள். நன்றாக வளர்ந்தால் புதுக் கிழங்கு இரண்டு கிளையாகப் பிரியும், அடுத்த மழைக்கு இரண்டு செடி. அவசரம் இல்லாதவர்கள் விதை போடலாம். நான் போட்டது இப்போது இரண்டாம் வருடம், புல் மாதிரி ஒல்லியாக நிற்கிறது. பூக்கும்போது எனக்கு டிகிரியே முடிந்திருக்கும். பரவாயில்லை, ஆயா தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்லியிருக்கிறார் :-)